கூண்டுக்குள் வந்தது எது? கொல்லைப்புறக் கோழிகளைக் காக்க அறிகுறி வழியே ஒரு பிழை நீக்கம்

கோழி செத்துக் கிடக்கும் காலையில் நாம் செய்கிற முதல் தவறு, மனம் பொறுக்காமல் உடனே துடைப்பத்தை எடுத்துக் கூண்டைச் சுத்தம் செய்துவிடுவது. சிதறிய இறகும், கம்பியில் ஒட்டிய ரோமமும், ஈரமண்ணில் பதிந்த கால் தடமும் அந்தத் துடைப்பத்தோடு போய்விடுகின்றன. பிறகு மிஞ்சுவது ஊகம் மட்டும்தான். ஊகத்தை நம்பிக் கம்பி வாங்கியவர்கள் பெரும்பாலும் வாசலை விட்டுவிட்டுச் சுவரை அடைத்திருப்பார்கள்.

நான் தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினைந்து, இருபது நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். ஒரு வருடம் மூன்று வாரங்களில் நான்கு பெட்டைக்கோழிகள் போயின. பகலில் மதில்மேல் ஒரு கீரி நடந்து போவதைப் பார்த்திருந்ததால், அதுதான் வருகிறது என்று முடிவு கட்டி, கூண்டின் அடிப்பகுதி முழுவதும் செங்கல் பதித்தேன். ஐந்தாவது கோழியும் போயிற்று. அதன் பிறகுதான் அடுப்புச் சாம்பலைச் சலித்து, மாலையில் கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கோலமாவு போல மெல்லியதாகத் தூவினேன். மறுநாள் காலை அந்தச் சாம்பலில் உருண்டையான, நகம் பதியாத தடங்கள் வரிசையாகக் கதவை நோக்கி வந்து, கதவின் கீழே இருந்த இரண்டு விரல் இடைவெளிக்கு முன்னால் குழம்பிக் கிடந்தன. வந்தது பூனை. கூண்டைச் செய்து கொடுத்த பட்டறையில் கதவை நிலையோடு சரியாகப் பொருத்தாமல் விட்டிருந்தார்கள். நானும் அதைக் கவனிக்காமல் வாங்கி வந்திருந்தேன். தாழ்ப்பாள் மேல்பக்கத்தில் மட்டும் இருந்ததால், கதவின் கீழ்மூலையைத் தலையால் முட்டினால் அது வளைந்து வழிவிட்டது.

ஆகவே கீழே உள்ள எதைச் செய்வதற்கு முன்பும் இரண்டு மாலைகள் சாம்பல் தூவிப் பாருங்கள். மழைக்காலமானால் நயமான மணலை நனைத்துப் பரப்பலாம். நாயின் தடத்தில் நான்கு விரல்களும் நகமும் பதியும். பூனையின் தடம் உருண்டையாக இருக்கும், நகம் பதியாது. கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல்கள் உண்டு. ஆனால் கீரி பகலில் நடமாடுவது, மரநாய் இரவில் வருவது என்பதால் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும். நடுவில் வால் இழுபட்ட கோடும் இரு பக்கமும் நகத் தடங்களும் இருந்தால் அது உடும்பு. பக்கத்தில் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய் என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். அது பழம் தின்னும் பிராணியும்கூட.

அறிகுறி: பகலில் குஞ்சுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, ரத்தமோ இறகோ இல்லை

வானத்திலிருந்து வருகிற எதிரி இது. கரும்பருந்தும் செம்பருந்தும் குஞ்சுகளைக் கால்களால் கவ்விக்கொண்டு நிற்காமல் பறந்துவிடுவதால் தரையில் எதுவும் மிஞ்சுவதில்லை. வல்லூறு மரக்கிளையில் மறைந்திருந்து தாழ்வாகப் பாயும். பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை அண்டங்காக்கையும் தூக்கிச் செல்லும். தாய்க்கோழி திடீரென ஒரு நீண்ட எச்சரிக்கைக் குரல் கொடுத்து, குஞ்சுகள் செடியடியில் உறைந்து ஒடுங்கிக் கிடந்தால் நீங்கள் மேலே பார்க்க வேண்டும்.

முதல் நான்கு வாரங்கள் குஞ்சுகளையும் தாயையும் மேல் மூடிய அடைப்புக்குள் வைத்திருப்பதே தீர்வு. மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால் பருந்துக்கு அது போதும். ஆனால் வலை தொய்வில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும், இல்லையெனில் பறவைகள் சிக்கிக்கொள்ளும். அதே நைலான் வலையைத் தரையோரம் வேலியாகக் கட்ட வேண்டாம். பாம்பு அதில் நுழைந்து உடல் இறுகிச் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்கப் போகிறவருக்கு ஆபத்து, பாம்புக்கும் சாவு. வலை கட்ட வசதியில்லாதவர்கள் முருங்கை, அகத்தி போன்றவற்றின் நிழலில் குஞ்சுகள் மேயும்படி பார்த்துக்கொள்ளலாம். அங்கங்கே சாய்த்து வைத்த இரண்டு தென்னங்கீற்றுகள்கூடக் குஞ்சுகளுக்குப் பதுங்குமிடமாகும்.

அறிகுறி: கம்பி ஓரத்தில் கோழி கிடக்கிறது, தலை இல்லை அல்லது இறக்கை பிய்ந்திருக்கிறது, கூண்டில் ஓட்டை எதுவும் இல்லை

எதிரி உள்ளே வரவே இல்லை. வெளியிலிருந்தே கம்பியின் இடைவெளி வழியாகக் கையை விட்டோ, பயந்து தலையை நீட்டிய கோழியைப் பற்றியோ இழுத்திருக்கிறது. பூனையும் மரநாயும் இப்படிச் செய்யும். கோழிக்கு இருட்டில் பார்வை மிகக் குறைவு என்பதால், ஒரு பக்கம் சத்தம் கேட்டால் அது மிரண்டு மறுபக்கக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே இன்னொன்று காத்திருந்தால் கதை முடிந்தது.

கடைகளில் 'கோழிவலை' என்று கேட்டால் கொடுக்கிற அறுகோணக் கண் வலையைத்தான் இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டும். அது கோழி வெளியே போகாமல் தடுப்பதற்கான வலையே தவிர, வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுப்பதற்கானது அன்று. முறுக்கிய மெல்லிய கம்பியை நாய் பல்லால் பிய்க்கும், ஈரத்தில் ஓரிரு வருடங்களில் துருவும் ஏறும். அதற்குப் பதிலாக, அரை இஞ்சுக்கு அரை இஞ்சு கண் உள்ள, பற்றவைத்த துத்தநாகப் பூச்சு வெல்டு மெஷ் வாங்குங்கள். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லியதாகிறது என்பதை நினைவில் வைத்து, கடைக்காரர் எந்த எண்ணைத் தருகிறார் என்று கேட்டு வாங்குங்கள். பணம் போதவில்லையென்றால் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையாவது இந்த வலையை அடித்து, அதற்கு மேல் பெரிய கண் வலையை வைக்கலாம். கோழிகள் அடைகிற கட்டையைக் கம்பிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளிப் பொருத்துவது செலவே இல்லாத திருத்தம். இழுபட்டுச் சாகிற கோழிகளில் பலவற்றை அது ஒன்றே காப்பாற்றும்.

வலையைக் கட்டுக்கம்பியால் அங்கங்கே முடிச்சுப் போட்டு நிறுத்துவது போதாது. மரச் சட்டமானால் அரையடிக்கு ஒன்றாக வாஷர் வைத்த திருகாணியால் பிடியுங்கள். பலமான வலை பலவீனமான முடிச்சில்தான் அவிழ்கிறது.

அறிகுறி: ஒரேயடியாகப் பல கோழிகள் கொல்லப்பட்டுக் கிடக்கின்றன, எதையும் தின்னவில்லை

உடல் முழுவதும் நசுங்கி, பல இடங்களில் கடிபட்டு, இறகுகள் முற்றமெங்கும் பரவிக் கிடந்தால் அது நாயின் வேலை. பசியில்லாத நாயும் ஓடுகிற கோழியைக் கண்டால் விரட்டிக் கொல்லும். ஓட்டம் நிற்கும் வரை அது நிறுத்தாது. தெருநாய்கள் கூட்டமாக வந்தால் பலவீனமான தகரக் கதவை உடைத்துவிடும். இரும்புச் சட்டக் கதவும், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள்களும் இதற்கு வேண்டும். வளர்ப்பு நாயாக இருந்தால் அக்கம்பக்கத்தாரிடம் சண்டையாகப் பேசாமல், சாம்பலில் பதிந்த தடத்தைக் காட்டிப் பேசுங்கள். கண்ணால் பார்த்தவர் இரவில் நாயைக் கட்டிப் போடுவார்.

கடி கழுத்திலும் பின்தலையிலும் மட்டும் சிறியதாக இருந்து, உடல் சிதையாமல் இருந்தால் கீரியோ மரநாயோ உள்ளே புகுந்திருக்கிறது. மூடிய இடத்தில் கோழிகள் படபடக்கும்போது இவையும் தேவைக்கு மேல் கொல்லும். இப்போது ஓட்டையைத் தேட வேண்டும். கூண்டுக்குள் இரவில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற ஒவ்வோர் இடமும் ஒரு வழி. கட்டைவிரல் நுழையும் இடத்தில் எலியும் சிறு பாம்பும் நுழையும். மூன்று விரல் சேர்ந்து நுழையுமானால் கீரியும் நுழையும். கூரைக்கும் சுவருக்கும் இடையே, ஓட்டுக்கு அடியில், தகரத்தின் அலைமடிப்புகளில் இருக்கும் இடைவெளிகளைப் பகலில் யாரும் காண்பதில்லை. மரநாய் நன்றாக மரம் ஏறும். கூரைமேல் சாய்ந்த கிளை இருந்தால் அதை வெட்டிவிடுங்கள்.

அறிகுறி: சுவரடியில் மண் தோண்டிய குழி

இதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும். ஏனென்றால் நம் ஊர்க் கூண்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தரையே சுவர்.

என் அம்மாச்சி கோழிகளை மூடி வைக்கும் கூடையான பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைப்பார். கல் மேலிருந்து அழுத்தினால் பஞ்சாரம் புரளாது. ஆனால் அடியில் தோண்டுகிற கீரிக்கும் பெருச்சாளிக்கும் கல்லைப் பற்றிக் கவலையில்லை. அவர் அதை அறிந்திருந்ததால்தான் பஞ்சாரத்தை மண்ணில் வைக்காமல் வாசற்கல்மேல் வைத்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது.

தோண்டுகிற பிராணி சுவருக்கு மிக அருகில் வந்து, சுவர் தரையைத் தொடும் இடத்தில்தான் தோண்டத் தொடங்கும். இரண்டடி பின்னால் நின்று தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. இந்த ஒரு பழக்கத்தை வைத்தே அதைத் தடுக்கலாம். சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி முதல் இரண்டடி அகலத்துக்கு வெல்டு மெஷைத் தரையில் படுக்க வைத்து, சுவர் வலையோடு கட்டுக்கம்பியால் நெருக்கமாகத் தைத்து, மேலே இரண்டு இஞ்சு மண் போட்டு மூடுங்கள். சில வாரங்களில் புல் அதன் வழியே முளைத்துப் பிடித்துக்கொள்ளும். சுவரடியில் தோண்ட வருவது கால்நகம் கம்பியில் பட்டு நின்றுவிடும். செங்குத்தாக ஓரடி ஆழத்துக்கு வலையைப் புதைப்பதைவிட இதற்கு உழைப்பும் குறைவு, பலனும் அதிகம் என்பது என் அனுபவம். பாறையும் சுக்கான்மண்ணுமான எங்கள் பகுதியில் ஆழக்குழி தோண்டுவது எளிதன்று என்பதும் ஒரு காரணம்.

சிமென்ட் தளம் போடுவதானால் சுவருக்கு வெளியேயும் அரையடி நீட்டிப் போடுங்கள். தளமும் சுவரும் சேருமிடத்தில் விரிசல் விட்டால் பெருச்சாளி அங்கே வேலையைத் தொடங்கும்.

அறிகுறி: முட்டை காணாமல் போகிறது அல்லது உடைந்து கிடக்கிறது

ஓடுகூட இல்லாமல் முட்டை முழுதாக மறைந்தால் பாம்பு, உடும்பு, குரங்கு, எலி ஆகியவற்றில் ஒன்று. எலி உருட்டிச் சென்று சுவரோரத்தில் தின்னும்; வளைக்கு அருகே ஓட்டுச்சில்லுகள் கிடைக்கும். பக்கத்திலேயே ஓட்டை குத்தி உள்ளே இருப்பதைக் குடித்திருந்தால் காகம். கீரி முட்டையைக் கல்லிலோ சுவரிலோ எறிந்து உடைக்கும் பழக்கமுடையது. கூண்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்லருகே ஓடுகள் குவிந்திருந்தால் அங்கே அது பலமுறை வந்திருக்கிறது. கோழி முட்டையிடும் இடமான அடைக்கட்டிலிலேயே மஞ்சள்கரு ஈரமாகப் பரவி, ஒரு கோழியின் அலகில் அது ஒட்டியிருந்தால் வெளி எதிரியைத் தேட வேண்டாம். அந்தக் கோழியே முட்டை குடிக்கப் பழகியிருக்கிறது. முட்டையைக் காலையிலும் பிற்பகலிலும் எடுத்துவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே நிற்கும்.

அறிகுறி: குஞ்சு செத்துக் கிடக்கிறது, தலையும் கழுத்தும் எச்சிலால் நனைந்ததுபோல் ஈரமாக இருக்கின்றன

பாம்பு விழுங்க முயன்று, அளவு பெரிதாக இருந்ததால் விட்டுவிட்டது. நல்லபாம்பும் சாரைப்பாம்பும் முதலில் கோழியைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகின்றன. இரவில் தட்டில் மிஞ்சிய தீவனம் எலியை அழைக்கிறது, எலி பாம்பை அழைக்கிறது, வந்த பாம்பு குஞ்சையும் முட்டையையும் கண்டுகொள்கிறது. மாலையில் தட்டை எடுத்துவிடுங்கள், தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், கூண்டுக்குப் பக்கத்தில் விறகு, ஓடு, மட்டைக் குவியல் வைக்காதீர்கள். எலிக்கு விஷம் வைப்பது இங்கே சரியான வழி அன்று. விஷம் தின்று தள்ளாடுகிற எலியைக் கோழி கொத்தும், பூனை தின்னும். பொறி வையுங்கள்.

கால் நட்டு உயர்த்திய கூண்டானால் ஒவ்வொரு காலிலும் இரண்டடி உயரத்துக்கு வழவழப்பான தகரத்தைச் சுற்றி அடியுங்கள். எலியின் நகம் அதில் பிடிப்பதில்லை. அருகே சாய்த்து வைத்த ஏணியையும் கழியையும் அகற்றாமல் தகரம் அடித்துப் பயனில்லை.

காலையில் கூண்டைத் திறக்கும்போது பாம்பு உள்ளேயே இருக்கக் கண்டால் கையையோ கழியையோ நீட்டாமல், கோழிகளை மறுபக்கம் வெளியே விட்டு, கதவைத் திறந்து வைத்துத் தள்ளி நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே போய்விடும். போகாவிட்டால் தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணில் அழைக்கலாம். முட்டை எடுக்க அடைக்கட்டிலுக்குள் பார்க்காமல் கை விடும் பழக்கம் வீட்டில் யாருக்கு இருந்தாலும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

அறிகுறி: உயிரோடுள்ள கோழியின் காலிலும் பின்புறத்திலும் கடிகாயம்

இரவில் பெருச்சாளியோ எலியோ கடிக்கிறது. தரையில் அடைகிற கோழியும், இருபத்தொரு நாளும் எழாமல் அடைகாக்கிற கோழியும் இதில் அதிகம் அகப்படும். அடைகாக்கிற கோழி கடிபட்டாலும் முட்டையை விட்டு எளிதில் எழாது என்பதால் காயம் ஆழமான பிறகே நமக்குத் தெரியவரும். அதனை இரவில் மட்டுமாவது அரை இஞ்சு வலையடித்த தனிப்பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

அறிகுறி: பொரிக்கும் நாளில் ஓடு உடைத்த குஞ்சு செத்து, எறும்பு மொய்க்கிறது

செவ்வெறும்பு ஓடு விரிந்த ஈரத்தை மோப்பம் பிடித்து வந்து, வெளியே வர முடியாத நிலையிலிருக்கும் குஞ்சைக் கடித்தே கொன்றுவிடும். அடைப்பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பெட்டி சுவரைத் தொடக் கூடாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

அறிகுறி: காயமே இல்லாமல் கோழிகள் அடுத்தடுத்துச் சாகின்றன

இங்கே வேலியைத் திருத்துவதில் நேரத்தை வீணாக்காதீர்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கல், இறக்கை தொங்கல் இருந்தால் அது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்த கோழியை வெளியே வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். வீசிய உடல் நாயையும் மரநாயையும் உங்கள் கொல்லைக்குப் பழக்கிவிடும்.

திருத்தும்போது செய்யக் கூடாதவை

பயத்தில் கூண்டை நான்கு பக்கமும் தகரத்தால் அடைத்தவர்களை நான் அறிவேன். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் கோழிகள் மூச்சுத் திணறிச் செத்தன; எச்சத்தின் காரநெடி கண்ணைப் பாதித்தது. மேல்பகுதியில் இரு எதிர்ச்சுவர்களிலும் வலையடித்த காற்றுவழி அவசியம்.

வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுப்பது குற்றம். அதைவிட முக்கியமாக, இரவில் ஆட்டைத் தேடி வருகிற மனிதரோ விளையாட வருகிற குழந்தையோ அதில் செத்துப் போவார்கள். எவ்வளவு கோழி போனாலும் இதை நினைக்கவும் வேண்டாம். கறித்துண்டில் குருணை மருந்தை, அதாவது பூச்சிக்கொல்லி விஷத்தை, தடவி வைப்பதும் அப்படித்தான். அது யாருக்கு வைத்தீர்களோ அதைவிட்டு, பருந்தையும் பக்கத்து வீட்டு நாயையும் முதலில் கொல்லும். கீரி, உடும்பு, மரநாய், நல்லபாம்பு, சாரைப்பாம்பு, மலைப்பாம்பு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை; கண்ணி வைத்தாலும் அடித்துக் கொன்றாலும் வழக்கு வரும். ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும் என்பதையும் கண்டிருக்கிறேன். ஓட்டை அடைபட்ட பிறகு எதுவும் உள்ளே வரவில்லை.

திருத்தம் முடிந்ததும் மீண்டும் சாம்பல் தூவி ஏழு இரவுகள் பாருங்கள். தடங்கள் வந்து, சுற்றி, திரும்பிப் போயிருந்தால் வேலை சரியாக இருக்கிறது. ஒரே இடத்தில் தடங்கள் குழம்பியிருந்தால் அங்கே ஏதோ ஒன்று இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. அந்த இடத்தை அன்றே மறுபடி பாருங்கள். என் கூண்டின் கதவடியில் இரும்புப் பட்டை பற்றவைத்து, கீழ்த்தாழ்ப்பாள் போட்ட பிறகு, பூனை ஐந்து இரவுகள் வந்து அதே மூலையில் நின்று போயிற்று. ஆறாவது இரவு தடம் மதிலோரமாகவே திரும்பியிருந்தது.